துருப்பிடித்த முளையாணி

பழைய பொருள் ஒன்று இருக்கின்ற வீட்டில், அதைப் பழுது பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு கெடுத்து வைக்கின்ற ஒருவரும் கட்டாயம் இருப்பார். எங்கள் வீட்டில் அந்தப் பதவியை நெடுங்காலமாக வகித்து வருபவன் நான்தான். கடிகாரம் நின்றால் திறந்து பார்ப்பேன். மூடும்போது கையில் இரண்டு திருகாணிகள் மிஞ்சும். "பத்திரமாக எடுத்து வையுங்கள்; இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் இன்னொரு கடிகாரம் செய்துவிடலாம்" என்பாள் என் மனைவி.

இப்பேர்ப்பட்ட என்னிடம், சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள் என் தந்தையார் ஒரு பழைய துணிப்பொட்டலத்தைக் கொடுத்தார். அவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. கண்ணில் புரை விழுந்திருப்பதால், பொருள்களைக் கையால் தடவித்தான் அடையாளம் கண்டுகொள்கிறார். பொட்டலத்தை அவிழ்த்தேன். உள்ளே, என் உள்ளங்கையளவு அகலத்தில், பச்சைக் களிம்பு ஏறிய ஒரு பித்தளை உருளை இருந்தது. தூண்டில் நூல் சுற்றுகின்ற ரீல் அது. கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை.

"இதை உன் சித்தப்பாவுக்கு அனுப்பவேண்டும். ஓடாத சாமானை அனுப்பக் கூடாது. ஓடவைத்துக் கொடு" என்றார்.

எங்கள் குடும்பத்தில் அந்த ரீலைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதை நான் சிறுவயது முதலே அறிவேன். ஏன் பேசுவதில்லை என்பதை அறிந்துகொள்ள எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

எங்கள் தோட்டம் கொத்மலைப் பள்ளத்தாக்குக்கு மேலே, காலை ஒன்பது மணிவரையிலும் மூடுபனி எழுந்து போகாத ஒரு மலைச் சரிவில் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் அங்கே சின்னதுரையாக வந்து, பிறகு பெரியதுரையாக உயர்ந்தவர் ஒரு வெள்ளைக்காரர். அவருக்கு மீன் பிடிப்பதில் தீராத ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் நுவரெலியாப் பக்கத்துக் குளிர்ந்த ஓடைகளுக்குக் காரில் புறப்பட்டுவிடுவார்.

அந்த ஓடைகளில் அவர் தேடிய மீன் நம் நாட்டு மீனன்று. 'ட்ரவுட்' என்ற அந்த மீனை ஆங்கிலேயர் 1880களில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். தேயிலைச் செடியும் கூலிக்கு ஆளும் வெளியிலிருந்து வந்தது போலவே, துரைமாரின் பொழுதுபோக்குக்கு மீனும் வெளியிலிருந்து வந்தது. முதலில் வந்த இனம் இங்கே பெருகவில்லை. பின்னர் வந்த 'ரெயின்போ' இனந்தான் மலை ஓடைகளில் நிலைத்தது. 1896இல் நுவரெலியாவில் மீன்பிடிப்பதற்கென்றே ஒரு கழகமும் தோன்றிற்று. கடலுக்கு அப்பால் நீலகிரியிலும் இதே கதைதான் நடந்தது. எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியால் 1907ஆம் ஆண்டளவில் அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் ஒன்று அமைந்தது. இந்த நீலகிரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் அது மறுபடியும் வரும்.

துரையோடு காரின் பின்பக்கத்தில் உட்கார்ந்து போகின்ற பாக்கியம் லயத்துப் பையன்கள் இருவருக்குக் கிடைத்தது. ஒருவர் என் தந்தை. மற்றவர் அவரைவிட மூன்று வயது இளைய என் சித்தப்பா. மீன் போடுகின்ற பிரம்புக் கூடையைத் தூக்குவது மூத்தவர் வேலை. வீடு திரும்பியதும் ரீலைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் விடுவது இளையவர் வேலை. எண்ணெய் விஷயத்தில் துரை மிகவும் கண்டிப்பானவராம். ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, 'ஒரு சொட்டு' என்பாராம். இரண்டு சொட்டு விட்டால் நூலெல்லாம் எண்ணெயாகிவிடும். விடாமற் போனால் முளையாணி பிடித்துக்கொள்ளும். மாலையில் ஆளுக்கு 25 சதம் கிடைக்கும்.

மீன் தூண்டிலைக் கவ்விக்கொண்டு ஓடும்போது, ரீலுக்குள் இருக்கின்ற ஒரு சிறு நாக்குப் பற்சக்கரத்தின் மேல் தட்டித் தட்டி ஒலி எழுப்பும். உருளை கட்டுக்கடங்காமல் சுழன்று நூல் சிக்கிவிடாதபடி தடுப்பதும் அந்த நாக்குத்தான். அந்த ஒலிக்குச் சகோதரர் இருவரும் 'தவளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். "அண்ணே, தவளை கத்துது!" என்று சித்தப்பா கூவினால் மீன் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

1972ஆம் ஆண்டில் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975இல் வெளிநாட்டுக் கம்பெனிகளின் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. துரை மூட்டை கட்டினார். போகின்ற அன்று, அந்த ரீலைச் சகோதரர் இருவருக்கும் நடுவே நீட்டினாராம். மூத்தவர் என்ற முறையில் என் தந்தை அதை வாங்கிக்கொண்டார். துரை அதை யாருக்குக் கொடுத்தார் என்பதுதான் பின்னால் பெரிய வழக்காயிற்று.

அடுத்த ஆண்டே குடும்பம் இரண்டாயிற்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நாடற்றவர்களாகிப் போன தோட்ட மக்களை, 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இலக்கம் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது. என் தந்தை இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதியிருந்தார். சித்தப்பா இந்தியாவுக்கு எழுதியிருந்தார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு தேசத்தவர் ஆனார்கள்.

பயணத்துக்கு முதல் நாள் இரவு, சித்தப்பா கேட்டாராம்: "அண்ணே, ரீலை நான் கொண்டுபோறேன். நாங்க போற நீலகிரியும் மலையாம். அங்கேயும் ஓடை இருக்காம்." தந்தை மறுத்துவிட்டார். "துரை அதை என் கையிலேதான் கொடுத்தார்" என்றாராம். "எண்ணெய் போட்டது யாரு?" என்று சித்தப்பா கேட்டார். அதற்குத் தந்தை பதில் சொல்லவில்லை.

மறுநாள் நாவலப்பிட்டி ஸ்டேசனில், தலைமன்னார் போகின்ற சனம் அழுத அழுகையில், அந்த ரயிலுக்கு மலையகத்தார் வைத்த 'ஒப்பாரிக் கோச்சி' என்ற பெயர் மெய்யாயிற்று. அந்த அழுகையிலும் அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. பின்னாளில் கடிதங்கள் வந்தன; கல்யாணம், சாவு எல்லாம் எழுதிக்கொண்டார்கள்; கைத்தொலைபேசி வந்த பிறகு தீபாவளிக்குத் தீபாவளி பேசிக்கொண்டார்கள். ரீலைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. அது தகரப் பெட்டியின் அடியில், லயத்துக் கூரையிலிருந்து கசிந்த ஈரத்தில் கிடந்தது.

இவ்வளவையும் தந்தை என்னிடம் சொல்லி முடித்துவிட்டு, "அன்றைக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிறாயா? ஒரே நாளில் தம்பியும் போய், அதுவும் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை" என்றார்.

இதைக் கேட்ட பின்பு எனக்கு நிதானம் வந்திருக்கவேண்டும். வந்ததோ வேகம்! அன்று பிற்பகலே வாசற்படியில் உட்கார்ந்து, சுத்தியலையும் ஒரு கம்பியாணியையும் எடுத்துக்கொண்டேன். கைப்பிடித் தண்டை நடு அச்சோடு சேர்த்துக் குறுக்கே ஓர் உருக்கு முளையாணி இறங்கியிருந்தது. அதன் தலையைப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு அடி கொடுத்தேன். தலை நசுங்கிப் பரந்ததே தவிர, ஆணி அசையவில்லை. சரி, உள்ளிருக்கும் நாக்கையாவது விடுவிக்கலாம் என்று அடுத்த பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றி, பக்கத் தட்டைப் பிரித்து, நாக்கைக் குறடால் பிடித்துத் திருகினேன். 'டக்' என்று ஒரு சத்தம். நாக்கைத் தாங்கிய மெல்லிய ஆணி முறிந்து, பாதி பித்தளைத் தட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

உள்ளே இருந்த தந்தை எழுந்து வந்தார். ரீலை வாங்கி, கட்டை விரலால் மெல்லத் தடவினார். நசுங்கிய இடத்தில் விரல் நின்றது. அவர் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அவசரமில்லை. ஐம்பது வருஷம் கிடந்தது, இன்னும் ஒரு மாதம் கிடக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை, நாவலப்பிட்டிக் கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கின்ற ஒரு பெரியவரிடம் அதைக் கொண்டுபோனேன். ஊரார் அவரை 'நாநா' என்றுதான் அழைப்பார்கள். ரீலை வாங்கியவர், கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு, முளையாணியின் இரண்டு முனைகளையும் மாறி மாறி வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, எந்தப் பக்கம் அடிச்சீங்க?"

காட்டினேன்.

"நீங்க அடிச்சது கழற்றுறதுக்கில்ல, இன்னும் இறுக்குறதுக்கு" என்றார்.

பிறகு விளக்கினார். இத்தகைய முளையாணி பார்வைக்கு ஒரே பருமனாகத் தோன்றும். உண்மையில் ஒரு முனை சற்றே சிறுத்திருக்கும். சுவர்க் கடிகாரத்தின் தட்டுகளை இணைப்பதும் இத்தகைய ஆணிகளே. இக்காலத்து அளவில் 50க்கு 1 என்ற கணக்கில் அது சிறுத்துச் செல்லும். பழைய ஆங்கிலேய அளவில் 48க்கு 1. அதாவது, 10 மில்லிமீற்றர் நீளமான ஆணியின் இரு முனைகளுக்கும் உள்ள வேற்றுமை, ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்தச் சிறு வேற்றுமையே ஆணியை இறுக்கிப் பிடிக்கின்றது. பருத்த முனையில் தட்டினால் உள்ளே போகும். சிறுத்த முனையில் தட்டினால் வெளியே வரும். "எப்படி உள்ளே போச்சுன்னு தெரியாம வெளியே எடுக்க ஏலாது, தம்பி" என்றார் நாநா.

துருவைப் பற்றியும் அன்று பாடம் கேட்டேன். பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கின்ற நான், மாணவனைப் போல முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரும்பு துருவாக மாறும்போது முன்னைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்கிறது. துளையோ பெரிதாவதில்லை. ஆகவே துரு தனக்குத்தானே ஆப்பு அடித்துக்கொள்கிறது. மேலும், பித்தளையும் உருக்கும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், பித்தளை தப்பித்துக்கொள்ளும். உருக்கே முதலில் அரித்துப்போகும். எண்ணெய்ப் படலம் ஒன்று இடையில் இருந்திருந்தால் ஈரம் உள்ளே புகுந்திராது. எண்ணெய் போட்ட கை 1976இல் கப்பலேறிவிட்டது. அன்று தொடங்கிய துரு இது.

கைப்பிடி ஆணிக்கு நாநா செய்த வைத்தியம் மூன்று நாள் நடந்தது. முதலில் இரு முனைகளிலும் மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்தார். மறுநாள் அதை நன்றாகத் துடைத்துவிட்டு, பற்றவைக்கின்ற கோலைச் சூடாக்கிப் பித்தளைக் கழுத்தில் வைத்துப் பிடித்தார். 100 பாகை சூடேறினால், ஒரு மீற்றர் நீளப் பித்தளை ஏறக்குறைய 1.9 மில்லிமீற்றர் நீளும்; உருக்கு 1.2 மில்லிமீற்றர்தான் நீளும். சூட்டில் துளை சுருங்கும் என்று நம் மாணவர்களிற் பலர் எழுதுகிறார்கள். அது தவறு, சுற்றியுள்ள உலோகத்தோடு துளையும் விரியும். பித்தளைத் துளை உருக்கு ஆணியைவிட அதிகம் விரிவதால், இடையே மயிரிழை அளவு வழி பிறக்கிறது. ஆறிய பின் மறுபடி மண்ணெண்ணெய். அது அந்த வழியே இன்னும் ஆழமாக இறங்குகிறது. இப்படி மூன்று முறை செய்தார்.

மூன்றாம் நாள், துளையிட்ட ஒரு மரக்கட்டையின் மேல் ரீலை வைத்தார். ஆணியின் பருத்த முனை கட்டையின் துளைக்கு நேராக நின்றது. சிறுத்த முனையைவிடச் சற்று மெல்லிய, முனை தட்டையான ஒரு கம்பியை அதன்மேல் நிறுத்தி, சிறிய சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். பலமான அடியன்று, ஆனால் தயக்கமில்லாத அடி. ஆணி கட்டைக்குள் விழுந்தது. நான் பன்னிரண்டு அடியில் செய்யாததை அவர் ஓர் அடியில் செய்தார் என்று எழுதினால் அது சரியாகாது. மூன்று நாட்களும் ஓர் அடியும் என்றே எழுதவேண்டும்.

தட்டுக்குள் முறிந்து நின்ற மெல்லிய ஆணியோ வேறு வகை. அதைத் தட்டுவதற்கும் முனை இல்லை. பிடிப்பதற்கும் தலை இல்லை. துளைபோட்டு எடுக்கலாமென்றால், துளைக்கும் கருவி கடினமான உருக்கை விட்டு விலகி, மிருதுவான பித்தளையைத் தின்றுவிடும்.

"வீட்டிலே படிகாரம் இருக்கா?" என்று கேட்டார் நாநா.

படிகாரம் இல்லாத தமிழர் வீடு உண்டா? கண்ணூறு படாமலிருக்க எங்கள் வாசல் நிலையிலேயே ஒரு கட்டி தொங்குகின்றது. கடிகாரக்காரர்கள் பரம்பரையாகக் கையாளுகின்ற உபாயம் இது. வெந்நீரில் படிகாரத்தைக் கரையுமட்டும் கரைத்து, பித்தளைத் தட்டை அதில் அமிழ்த்திவிட வேண்டும். படிகார நீரில் மெல்லிய புளிப்பு உண்டு. அது உருக்கைச் சிறிது சிறிதாகக் கரைக்கும், பித்தளையை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். ஆனால் ஒரு நிபந்தனை. வேண்டிய உருக்குப் பாகங்கள் அனைத்தையும் முன்னதாகக் கழற்றிவிடவேண்டும். படிகாரத்துக்கு வேண்டிய உருக்கு, வேண்டாத உருக்கு என்ற பேதம் தெரியாது. அன்றியும், பிற்காலத்து ரீல்கள் பல அலுமினியத்தால் ஆனவை. 1872இல் இங்கிலாந்தின் அல்னிக் நகரில் துப்பாக்கிக் கடையாகத் தொடங்கிப் பின்னர் ரீல்களுக்குப் பேர்போன ஹார்டி நிறுவனத்தாரின் ரீல்களிலும் அவ்வுலோகம் உண்டு. அதை இந்த நீரில் போட்டுவிட்டு அயர்ந்திருக்கலாகாது, அலுமினியமும் அரிக்கப்படலாம். அங்கே சூடும் எண்ணெயும் பொறுமையுமே ஏற்ற வழி.

நான் வாசலிலிருந்த கட்டியை அவிழ்த்தேன். "ஊர்க் கண்ணெல்லாம் அந்த ரீலிலேயே படட்டும்" என்று மனைவி விடைகொடுத்தாள். கண்ணாடிக் கிண்ணத்தில் தட்டைப் போட்டு, அடுப்பங்கரையின் ஓரத்தில் இளஞ்சூட்டில் வைத்தோம். முறிந்த ஆணியிலிருந்து சிறு சிறு குமிழிகள் எழுந்தன. பாடசாலை விட்டு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தக் கிண்ணத்தைத்தான். என் தந்தைக்குக் குமிழி தெரியாது, "இன்னும் வருகிறதா?" என்று கேட்பார். ஆறாம் நாள் குமிழி நின்றது. தட்டை எடுத்துக் கழுவினேன். கறுப்புக் கசண்டு போய், துளைக்கூடாக வெளிச்சம் தெரிந்தது.

நாநா பழைய சுவர்க் கடிகாரம் ஒன்றிலிருந்து பித்தளை முளையாணி ஒன்றைத் தேர்ந்து அளவுக்கு அராவிக் கொடுத்தார். நாக்குக்கு, சைக்கிள் ஆரைக்கம்பியில் ஓர் ஆணி செய்தார். நான் நசுக்கிய இடத்தையும் தேய்த்துச் சீராக்கினார். தழும்பு மட்டும் இருக்கிறது. அது என் கணக்கில்.

அன்று மாலை ரீலைத் தந்தையின் கையில் வைத்தேன். அவர் உடனே சுற்றவில்லை. தையல் இயந்திர எண்ணெயைக் கேட்டு வாங்கி, துளை எங்கே என்று விரலால் தேடி, ஒரு சொட்டு விட்டார். பிறகு, "அவனைக் கூப்பிடு" என்றார்.

கூடலூரில் சித்தப்பா எடுத்தார். அங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்து, ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். இங்கிருந்து போனவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய திட்டத்தின் தோட்டம் அது. தந்தை நலம் விசாரிக்கவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. தொலைபேசியின் அருகே ரீலைப் பிடித்து, கைப்பிடியைச் சுற்றினார். கிர்ர்ர் என்று அந்த ஒலி, அரை நூற்றாண்டுக்குப் பிறகு, எங்கள் வீட்டில் எழுந்தது.

அந்தப் பக்கத்தில் வெகுநேரம் பேச்சில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"தவளைதானே?" என்றது சித்தப்பாவின் குரல்.

"ஆமா" என்றார் தந்தை.

"எண்ணெய் போட்டது யாரு?"

ஐம்பது ஆண்டுகளாகப் பதிலில்லாமல் நின்ற கேள்வி அது. தந்தை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னைக்கு மட்டும் நான் போட்டேன். அன்னைக்கெல்லாம் நீதான்டா."

"எத்தனை சொட்டு?"

"ஒண்ணு."

"சரி" என்றார் சித்தப்பா.

அதன்பின் அவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். கொத்மலை ஓயா வளைந்து திரும்புகின்ற அந்தப் பாறை இப்போதும் இருக்கிறதா என்று சித்தப்பா கேட்டார். 1985இல் கட்டி முடிந்த அணைக்குப் பின்னால், ஊர்களும் விகாரைகளுமாக அந்தப் பள்ளத்தாக்கு நீருக்குள் போய்விட்டதையும், நீர் வற்றுகின்ற காலங்களில் கடதொர விகாரையின் சிதைவு வெளியே தெரிவதையும் தந்தை விவரித்தார். சித்தப்பா அந்த ஏரியைக் கண்டதில்லை. அவர் மனத்தில் ஆறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சித்திரையில் ஓர் உறவினர் சென்னைக்கு விமானமேறினார். ரீல் அவரோடு போயிற்று. இப்போது அது கூடலூரில் இருக்கிறது. சித்தப்பா மீன் பிடிக்கின்ற வயதில் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறாராம். முடிந்ததும் தொலைபேசியில் அண்ணனை அழைத்து, ஒரு முறை சுற்றிக் காட்டுகிறார்.

துருப்பிடித்த பழைய முளையாணி என் மேசையில் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது. வகுப்பில் உலோகங்களின் விரிவைக் கற்பிக்கும்போது அதை எடுத்துச் சென்று, எது சிறுத்த முனை என்று கேட்பேன். பிள்ளைகளிற் பலர் பார்த்தவுடனே தவறாகச் சொல்லிவிடுகிறார்கள். கண்ணாடியை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசுகின்ற ஒருவனோ ஒருத்தியோ ஒவ்வொரு வருடமும் இருப்பதுண்டு. அவர்களிடந்தான் என் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நம்பிக் கொடுக்கலாமென்று நினைத்துக்கொள்வேன்.